அந்தப் பிள்ளையும் படித்துக்கொண்டிருக்கலாம்: ஒருவரைக் காணோம் என்றதும் நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பெரம்பூர்த் தெருவில் ஒரு பிளஸ் ஒன் பையனைக் காணவில்லை. சாயங்காலம் சைக்கிளில் டியூஷனுக்குப் போனவன் எட்டரை ஆகியும் வரவில்லை. ஒன்பது மணிக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டோ வந்தது. பத்தரைக்குள் நாங்கள் இருநூறு பேரும் சேர்ந்து வழக்கையே முடித்துவிட்டோம். கடத்தல் என்றார் ஒருவர். பெண் விவகாரம் என்றார் இன்னொருவர். அப்பா பெல்ட்டால் அடிப்பாராம் என்று எழுதிய அக்காவுக்கு அந்தக் குடும்பத்தோடு பழக்கமே கிடையாது. நானும் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு நாளா முனையில ஒரு கறுப்பு ஸ்கூட்டர் நிக்குது" என்று போட்டேன். நின்றது உண்மைதான். முனைவீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் வண்டி அது என்று மறுநாள்தான் தெரிந்தது.

பையன் மூன்றாம் நாள் குடியாத்தத்தில் கிடைத்தான். முன்பு எங்கள் தெருவில் குடியிருந்து ஊர் மாறிப் போன நண்பன் வீட்டில், லீவுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லித் தங்கியிருந்தான். காலாண்டுத் தேர்வு மார்க், அப்பா போனைப் பிடுங்கியது, அவ்வளவுதான் காரணம். இரண்டாம் நாள் காலையிலேயே திரும்பிவிட நினைத்தானாம். அதற்குள் யாரோ அந்த நண்பனுக்கு எங்கள் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டுகளை அனுப்பிவிட்டார்கள். பத்துப் பதினைந்து பக்கம். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். "எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க ஆன்ட்டி, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தெருவுக்குள்ள வர்றது?" என்று பிறகு என்னிடம் கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். காணாமல் போன பிள்ளை இதைப் படித்தால் வீட்டுக்கு வரத் தோன்றுமா, தோன்றாதா?

காத்திருப்பது

24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. 18 வயதுக்கு உட்பட்ட யார் காணாமல் போனாலும் உடனே எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. அதே வருடம் நவம்பரில், வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று வந்த பெரிய தீர்ப்பும், மைனர் மகளைத் தொலைத்த ஓர் அப்பா போட்ட வழக்கில் வந்ததுதான்.

நம் ஊரில் இன்னொன்று நடக்கும். ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, "போங்க, வந்துடுவான்" என்று அனுப்பிவைப்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே. மைனர் என்றால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். இது எங்கள் எல்லை இல்லை என்று சொல்லியும் திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். ஒருவர் ஸ்டேஷனில் இருக்கும்போதே இன்னொருவர் 112க்கும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் செய்துவிடலாம். 1098 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வீட்டை விட்டுப் போன பிள்ளையே கூப்பிடக்கூடிய எண்ணும் அதுதான். அதனால், தேடுகிற போஸ்டரில் அதைப் பெரிதாகப் போடுவது நல்லது.

"ஓடிப் போயிட்டா"

பெண் பிள்ளை என்றால் குழுவில் பத்தாவது நிமிடமே வந்துவிடும் வாக்கியம் இது. அப்புறம் தேடுகிறவர்களின் சுருதியே இறங்கிவிடும். தானாகப் போனவளை என்ன செய்வது என்கிற தொனி வந்துவிடும்.

சட்டத்துக்கு அந்தக் கதை தேவையில்லை. 18 வயது நிரம்பாதவரைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாராவது ஆசை காட்டி அழைத்துப் போனாலும் அது கடத்தல்தான். பிள்ளை விரும்பிப் போனதா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவில் இருவருக்கும் 18தான். ஆகவே தானாகப் போயிருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். ராத்திரி பதினொரு மணிக்கு சென்ட்ரல் பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முதலில் யார் வந்து பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரரா, வேலை வாங்கித் தருகிறேன் என்கிற ஆளா?

ஒரு பெண் பிள்ளையைப் பற்றித் தெரு எழுதியது, அவள் திரும்பி வந்த பிறகும் அவளுடனேயே இருக்கும். கல்யாணப் பேச்சு வரைக்கும் இருக்கும். இதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆளைக் கைகாட்டுவது

எங்கள் குழுவில் இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் தண்ணீர் கேன் போடுகிற தம்பி மேல் திரும்பியது. வடநாட்டுப் பையன், தமிழ் அரைகுறை, அன்று மாலை கேன் போட வரவில்லை. வேறு என்ன வேண்டும்? நான்கு பேர் அவன் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டார்கள். காய்ச்சலில் படுத்திருந்தான். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். எங்கே போனான் என்று எங்கள் தெருவில் யாரும் தேடவில்லை.

அடிக்காமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் அப்படியே செத்தார். அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, அட்டையைத் தூக்கிக் காட்டும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த ஜூலையில்தான் ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு அறிவித்தது.

படிக்காத கூட்டம் செய்கிற வேலை இது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் உட்கார்ந்து போட்டோக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். மகனைத் தேடுவதற்காகக் குடும்பம் வைத்திருந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசை குவிந்தது. அவர்கள் அதை மூடவேண்டி வந்தது. சில நாளில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ரெட்டிட் மன்னிப்புக் கேட்டது.

சிசிடிவி ஆராய்ச்சி

பேப்பர் மில்ஸ் ரோட்டுக் கடை ஒன்றின் கேமரா காட்சியை, மானிட்டரிலிருந்தே செல்போனில் படம் பிடித்து ஒருவர் குழுவில் போட்டார். மங்கலாக ஒரு பையன், பக்கத்தில் ஓர் ஆள், சுற்றிலும் சிவப்பு வட்டம். இருநூறு பேர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது வேறு பையன்.

கேமரா உண்மையிலேயே உதவும், உரிய ஆள் கையில் போய்ச் சேர்ந்தால். சின்னக் கடைகளின் பதிவுப் பெட்டியில் சில நாளிலேயே பழைய காட்சியின் மேல் புதியது பதிந்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் நாம் கேட்க வேண்டியது, "அழிச்சிடாதீங்கண்ணா, ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க" என்பதை மட்டும்தான். அப்புறம் அந்தப் பெட்டியில் காட்டும் நேரத்தையும் நம் போன் நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் இருபது நிமிடம், சில கடைகளில் ஒரு நாளே கூட முன்னே பின்னே ஓடும். இந்த ஒரு குறிப்பு எஸ்.ஐ.க்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எங்கள் பையன் விஷயத்தில் வழி காட்டியவர் யார் தெரியுமா? பெரம்பூர் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிற பெரியவர். இரண்டு நாளாக எடுக்காமல் நின்ற சைக்கிளைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். அவர் எந்தக் குழுவிலும் இல்லை.

நண்பர்களை மிரட்டுவது

பதின்வயதுப் பிள்ளை எங்கே போயிருக்கும் என்பது வீட்டுக்குத் தெரியாது, நண்பனுக்குத் தெரியும். எங்கள் பையனின் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு முதல் ராத்திரியே குடியாத்தம் தெரியும். ஆனால் ஒன்பதே முக்காலுக்கே, "இவன் சகவாசம்தான் காரணம்" என்று அவன் பெயரை யாரோ குழுவில் எழுதிவிட்டார்கள். அவன் அம்மா போனைப் பிடுங்கி, "உனக்கு எதுவும் தெரியாது, சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவனைப் பேச வைத்தவர் டியூஷன் அக்கா. வீட்டுக்குப் போய், தனியாக உட்கார்ந்து, நீ சொன்னதாக யாருக்கும் தெரியாது என்று சொல்லிக் கேட்டார். சத்தம் போட்டு நான்கு பேர் கேட்டால் வராத பதில், பிள்ளைகள் நம்புகிற ஒருவர் கேட்டால் வரும். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடித்து அனுப்புவதுதான் தெருக்காரர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

போன் விஷயத்திலும் ஒன்று. பிள்ளை விட்டுச் சென்ற செல்போன், லேப்டாப் எதையும் ரீசெட் செய்யக் கூடாது, பாஸ்வேர்டை மாற்றக் கூடாது. இன்ஸ்டாகிராமில் திறந்தபடி இருக்கும் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடக் கூடாது. அப்படியே எடுத்து விசாரிக்கிறவரிடம் கொடுங்கள். பிள்ளையின் கணக்குக்கு ஊரே மெசேஜ் போடுவதும் வேண்டாம். பயந்துபோய்க் கணக்கையே மூடிவிட்டால் இருந்த ஒரு நூலும் அறுந்துபோகும்.

மை போட்டுப் பார்ப்பது

இதைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் நாள் ஒருவர், வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கும் ஆளிடம் கேட்டு வந்து, "தெற்கே, தண்ணீர் ஓரம்" என்று எழுதினார். சென்னையில் தெற்கே போனால் எங்கேதான் தண்ணீர் இல்லை? ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த அம்மா அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. பையன் இருந்ததோ மேற்கே.

தேதி இல்லாத போஸ்டர்

சொந்தமாக போஸ்டர் தயாரிக்காதீர்கள். குடும்பமோ போலீஸோ தருவதை மட்டும் அனுப்புங்கள். காணாமல் போன தேதி, நேரம், போட்டிருந்த உடை, ஸ்டேஷன் நம்பர், இவ்வளவு போதும். பள்ளிக்கூடப் பெயர், வீட்டு விலாசம், ஏன் போனான் என்கிற கதை எதற்கு? பெற்றோர் செல்போன் எண்ணைப் போட்டால், "உங்க பையன் எங்ககிட்ட இருக்கான், ஜிபேயில் பத்தாயிரம் போடுங்க" என்கிற அழைப்பு கட்டாயம் வரும். எங்கள் பையன் அப்பாவுக்கு இரண்டு வந்தது. ஒன்றுக்குப் பணம் போட்டார்.

எங்கேயாவது பார்த்தால், "கோயம்பேட்ல பார்த்த மாதிரி இருக்கு" என்று குழுவில் எழுதாதீர்கள். நேரம், இடம், எந்தப் பக்கம் போனார் என்பதை 112க்குச் சொல்லுங்கள். ரயிலில் என்றால் 139. (தென்மாவட்ட அரசு பஸ்களெல்லாம் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்ட பிறகும், தேடுகிறவர்கள் பழக்கதோஷத்தில் கோயம்பேட்டுக்கே ஓடுவதையும் பார்க்கிறேன்.)

பிள்ளை கிடைத்ததும் போட்டோவை அழியுங்கள், அனுப்பிய எல்லா இடத்திலும். இது நாகரிகம் மட்டுமில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி காணாமல் போன, வீட்டை விட்டுப் போன பிள்ளைகளும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைகள்தான். அவர்களை அடையாளம் காட்டும் பெயர், விலாசம், பள்ளி, படம் எதையும் வெளியிடுவது 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ வழக்காக மாறினால் தண்டனை இன்னும் கூடும். வீட்டு வாசலில் மைக்கை நீட்டுகிற யூடியூப்காரர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

எங்கள் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், மீசை வைத்திருக்கிறான். போன மாதம் மதுரவாயலில் இருக்கும் என் நாத்தனார், "பாவம், உங்க பெரம்பூர்ப் பையனாம், இன்று காலையிலிருந்து காணோமாம்" என்று ஒரு போஸ்டரை அனுப்பினார். அதே பழைய போட்டோ, தேதி இல்லை, கீழே அவன் அப்பாவின் நம்பர். மாதம் ஓரிரு அழைப்பு இன்னமும் வருகிறதாம். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "பையன் வீட்லதாங்க இருக்கான், சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறார்.