முதல் மைக்ரோகண்ட்ரோலர் போர்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்சார், மோட்டார் போன்றவற்றை நாம் எழுதும் நிரலின்படி இயக்கும் சிறு கணினிச் சிப்தான் மைக்ரோகண்ட்ரோலர். அதைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் போர்டை வாங்கிவிட்டு, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. நீங்கள் செய்து பார்க்க விரும்பும் முதல் மூன்று கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்கு வைஃபை தேவையா, அதில் இணைக்கப்போகும் சென்சார்கள் எத்தனை வோல்ட்டில் இயங்குகின்றன, அது யுஎஸ்பி மின்சாரத்தில் இயங்கினால் போதுமா அல்லது பேட்டரியில் பல வாரங்கள் இயங்க வேண்டுமா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் பஸ்ஸர், மண் காய்ந்ததும் செடிக்கு நீர் விடும் சிறு பம்பு, அறையின் வெப்பநிலையைக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவி என்று பட்டியல் அமைந்தால், முதல் இரண்டையும் ஏறக்குறைய எந்தப் போர்டிலும் செய்துவிடலாம்; மூன்றாவதே தேர்வைத் தீர்மானிக்கும்.

விளம்பரங்கள் முன்னிறுத்தும் வேகமும் நினைவகமும் இந்தக் கட்டத்தில் அவ்வளவு முக்கியமல்ல. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட்டும், இயங்கும்போது பயன்படும் ரேம் 2 கிலோபைட்டும் மட்டுமே கொண்டு இயங்குகிறது. 2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 264 கிலோபைட் ரேம் இருக்கிறது. ஆயினும் தொட்டியின் நீர்மட்டத்தை நொடிக்கு ஐந்து முறை அளந்து பஸ்ஸரை ஒலிக்கச் செய்வதில் இவ்விரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது. கருவி இயங்காதபோது பிழை நிரலில் இருக்கிறதா, இணைப்பில் இருக்கிறதா, போர்டே பழுதாகிவிட்டதா என்று பிரித்தறிவதுதான் தொடக்கநிலையில் மிகக் கடினமான வேலை. ஆகவே, இந்த மூன்று சந்தேகங்களில் ஒன்றையாவது குறைத்துத் தரும் போர்டே முதல் போர்டாக இருக்கத் தகுதியானது.

இங்கேதான் மின்னழுத்தம் முன்னுக்கு வருகிறது. ஊனோ 5 வோல்ட்டில் இயங்கும் போர்டு. வைஃபை கொண்ட இஎஸ்பி32, பிக்கோ ஆகிய இரண்டு போர்டுகளின் முனைகளும் (வயர்களை இணைக்கும் பின்கள்) 3.3 வோல்ட் அளவில் வேலை செய்பவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) என்ற ஒலி அலை தூரமானி 5 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. அளவீட்டைப் போர்டுக்குத் தெரிவிக்கும் அதன் எக்கோ முனை 5 வோல்ட்டையே திருப்பி அனுப்புகிறது. ஊனோவில் அதை நேரடியாக இணைக்கலாம். இஎஸ்பி32இலோ பிக்கோவிலோ அப்படி இணைத்தால் முனை தாங்கக்கூடிய வரம்பு மீறப்படும். சிப் உடனே எரிந்துவிட்டால் காரணமாவது புலப்படும். சில வாரங்கள் சரியாக இயங்கிவிட்டு அந்த ஒரு முனை மட்டும் செயலிழந்தால், புதிதாகக் கற்பவர் தம் நிரலைத்தான் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

3.3 வோல்ட் போர்டையே தேர்ந்தெடுப்பவர்கள் இதைத் தவிர்க்க இரண்டு மின்தடைகள் போதும். எக்கோ முனையிலிருந்து 1 கிலோஓம் மின்தடை வழியாகப் போர்டின் முனைக்கு ஒரு இணைப்பும், அதே முனையிலிருந்து 2 கிலோஓம் மின்தடை வழியாகக் கிரவுண்டுக்கு (0 வோல்ட் முனைக்கு) மற்றொரு இணைப்பும் கொடுத்தால், 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட் மட்டுமே போர்டை அடையும். எந்த சென்சாரை வாங்குவதற்கு முன்பும் அதன் சிக்னல் முனை எத்தனை வோல்ட் தருகிறது என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊனோவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2023இல் வந்த ஊனோ ஆர்4, வடிவத்திலும் முனைகளின் அமைப்பிலும் ஆர்3ஐ ஒத்திருக்கிறது. அதுவும் 5 வோல்ட்டிலேயே இயங்குகிறது. ஆனால் ஆர்3இன் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம் என்றால், ஆர்4இல் அந்த அளவு 8 மில்லிஆம்பியர்தான். பழைய பாடங்கள் அனைத்திலும் எல்இடியுடன் 220 ஓம் மின்தடையை இணைக்கச் சொல்லியிருப்பார்கள். சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால், மீதமுள்ள 3 வோல்ட்டுக்கு 220 ஓம் வழியே பாய்வது 13 மில்லிஆம்பியருக்கும் மேல். ஆர்3க்கு இது பாதுகாப்பான அளவு; ஆர்4க்கு அதிகம். அதில் 470 ஓம் பயன்படுத்துங்கள். பம்பையோ மோட்டாரையோ எந்தப் போர்டின் முனையிலும் நேரடியாக இணைக்கக் கூடாது. இடையில் டிரான்சிஸ்டரோ மோட்டார் டிரைவரோ இருக்க வேண்டும்.

பட்டியலில் வைஃபை தேவைப்படும் கருவி இருந்தால் இஎஸ்பி32தான் பொருத்தமானது. சாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்தச் சிப்பில் வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே அமைந்திருப்பதோடு, ஆர்டுயினோ மென்பொருளிலேயே நிரலும் எழுதலாம். இதன் விலையைக் கண்டு எல்லோருக்கும் இதையே பரிந்துரைப்பவர்கள் உண்டு. இதன் முனைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை அவர்கள் சொல்வதில்லை என்பதால் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 34 முதல் 39 வரையிலான முனைகள் உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும். அவற்றில் எல்இடியை இணைத்தால் எரியாது, பொத்தானை இணைத்தால் வெளியே தனியாக ஒரு மின்தடை வேண்டும். 6 முதல் 11 வரையிலானவை ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. 0, 2, 12, 15 ஆகியவற்றின் நிலையைச் சிப் தொடங்கும் தருணத்தில் பார்க்கிறது என்பதால், 12ஆம் முனையை மேல்நிலைக்கு (3.3 வோல்ட்டுக்கு) இழுக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை அங்கே இணைத்துவிட்டால் போர்டு தொடங்காமலேயே நின்றுவிடக்கூடும். மேலும், மண்ணின் ஈரப்பதம் போன்ற அனலாக் (படிப்படியாக மாறும்) அளவைப் படிப்பதற்கான இரண்டு முனைத் தொகுதிகளில் இரண்டாவது, வைஃபை இயங்கும்போது கிடைக்காது. ஆகவே அனலாக் சென்சார்களை முதல் தொகுதியைச் சேர்ந்த 32 முதல் 39 வரையிலான முனைகளில் மட்டும் இணைப்பது என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எஸ்3, சி3 போன்ற பின்னொட்டுகளுடன் வரும் புதிய வகைகளில் இந்த எண்கள் மாறும். வாங்கிய போர்டின் முனை வரைபடத்தை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் தருமாறு அமைக்கப்பட்டிருந்தால் மேற்சொன்ன சிப்கள் அதில் இணையாது, 2.4 கிகாஹெர்ட்ஸும் இருக்க வேண்டும். வைஃபையைத் தொடங்கியதும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால், நிரலைத் திருத்துவதற்கு முன் யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள்; வைஃபை அனுப்பும் நொடியில் தேவைப்படும் கூடுதல் மின்னோட்டத்தை மெல்லிய கேபிள் தராமல் போவதுண்டு.

பைத்தான் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பை பிக்கோவை மனமாரப் பரிந்துரைக்கிறேன். போர்டில் உள்ள பூட்செல் (BOOTSEL) பொத்தானை அழுத்தியபடி கணினியில் இணைத்தால் அது பென்டிரைவ் போலத் தோன்றும். மைக்ரோகண்ட்ரோலருக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானின் கோப்பை அதில் இழுத்துப் போட்டுவிட்டு, தானி (Thonny) என்ற மென்பொருளிலிருந்து ஒவ்வொரு வரியாக இயக்கிப் பார்க்கலாம். ஒரு வரியை மாற்றிய உடனே விளைவைக் காண முடிவது கற்பவருக்குப் பெரும் உதவி. வைஃபை வேண்டுமெனில் பெயரில் டபிள்யூ இருக்கிறதா என்று பாருங்கள். சாலிடரிங் இரும்பு இல்லாதவர்கள் முனைகள் ஏற்கெனவே சாலிடர் செய்யப்பட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பிக்கோவில் துளைகள் மட்டுமே இருக்கும். இதே நிறுவனத்தின் ராஸ்பெர்ரி பை 5 போன்றவை லினக்ஸ் இயங்கும் முழுக் கணினிகள். அவை வேறு வகை.

பத்து வயதையொட்டிய குழந்தைக்கு வாங்குபவர்கள் மைக்ரோபிட்டைப் பார்க்கலாம். பிபிசி முன்னெடுப்பில் 2016இல் பிரிட்டனின் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட போர்டு இது. 25 எல்இடிகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் சென்சார் எல்லாம் போர்டிலேயே இருப்பதால் ஒரு வயர்கூட இல்லாமல் பல வாரங்கள் கற்கலாம். எஸ்டிஎம்32 வகையின் புளூ பில் போர்டை மட்டும் முதலில் வாங்க வேண்டாம். சந்தையில் போலிச் சிப்கள் மிகுதி, நிரலேற்றத் தனிக் கருவியும் வேண்டும்.

ஆக, வைஃபை உடனடியாகத் தேவைப்படாத பெரும்பாலோருக்கு என் பரிந்துரை ஊனோ ஆர்3தான். அசல் போர்டில் சிப் சாக்கெட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். அதன் வடிவமைப்பு வெளிப்படையானது என்பதால் பிற நிறுவனங்களும் ஒத்த போர்டுகளைச் செய்கின்றன. கற்பதற்கு அவை தாராளமாகப் போதும். அவற்றில் பல சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்பைக் கொண்டிருப்பதால் சில கணினிகளில் அதற்குரிய டிரைவரை முதலில் நிறுவ வேண்டியிருக்கும். எனினும் ஊனோவைப் பேட்டரியில் பல வாரங்கள் இயக்க எண்ணாதீர்கள். மின்னழுத்தத்தைச் சீராக்கும் அதன் ரெகுலேட்டரும் பவர் எல்இடியும் ஓயாமல் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

போர்டுடன் பிரெட்போர்டு (சாலிடர் செய்யாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர்கள், மேலே சொன்ன மின்தடைகள், சில எல்இடிகள், பொத்தான்கள், சாதாரண மல்டிமீட்டர் ஆகியவற்றை வாங்குங்கள். பெரிய சென்சார் கிட்டுக்குச் செலவிடும் பணத்தை மல்டிமீட்டருக்குச் செலவிடுவது மேல். சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் நேரில் வாங்கினால், டேட்டா செல்லும் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் போர்டின் விளக்கு எரிந்தாலும் கணினி அதைக் கண்டுகொள்ளாது. 230 வோல்ட் மின்சாரத்தை ரிலே மூலம் இயக்கும் எதையும் முதல் மூன்று கருவிகளில் சேர்க்காதீர்கள். பம்பு வேண்டுமானால் 5 அல்லது 12 வோல்ட் டிசி பம்பு இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எந்த சென்சாரையும் இணைக்காமல், வெறும் போர்டில் அதிலுள்ள எல்இடியைச் சிமிட்டவைக்கும் பிளிங்க் நிரலை ஏற்றுங்கள். பிறகு எல்இடி சிமிட்டும் இடைவெளியை மாற்றி மீண்டும் ஏற்றுங்கள். புதிய போர்டுகள் பல, தொழிற்சாலையிலேயே பிளிங்க் ஏற்றப்பட்டு வருகின்றன. இடைவெளி மாறினால்தான் உங்கள் நிரல் உள்ளே சென்றிருக்கிறது என்பது உறுதியாகும்.