நடுக்கள ஆட்டக்காரரின் பாஸ் துல்லியத்தை மதிப்பிடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை நீளும் தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது, கோல் அடிப்பவரைப் பற்றி அதிகம் வாதம் எழுவதில்லை. நடுக்களத்தில் நின்று பந்தைப் பங்கிடுபவரைப் பற்றித்தான் இரவு வெகுநேரம் வரை பேச்சு நீள்கிறது. மைக்கேல் சூசைராஜைப் போல இரவிபுத்தன்துறையிலிருந்து இந்திய சூப்பர் லீக் வரை சென்ற ஆட்டக்காரர்களைத் தந்த கடற்கரை இது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த தோராயத்தில் எடுப்பதும் விடுவதும் அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல ஆண்டுகளாக ஆள் தேர்வில் பங்கெடுத்தவன் என்ற முறையில், நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வேண்டும். கொடுத்த பாஸ் எத்தனை, சென்று சேர்ந்தது எத்தனை என்று மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். ஒருவர் 40 பாஸ் கொடுத்து 36 சேர்ந்திருந்தால் அவருக்கு 90 சதவீதம். இன்னொருவருக்கு 40இல் 34 சேர்ந்து 85 சதவீதம். முதலாமவரின் 30 பாஸ்கள் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரான ஸ்டாப்பருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் போனவை. அவை அத்தனையும் சேர்ந்துவிட்டன. முன்னோக்கிக் கொடுத்த 10இல் சேர்ந்தவை 6தான். இரண்டாமவரோ முன்னோக்கி 20 கொடுத்து 14 சேர்த்திருக்கிறார். முன்னோக்கிய பாஸில் ஒருவருக்கு 60 சதவீதமும் மற்றவருக்கு 70 சதவீதமும் வருவதால், மொத்தக் கணக்கில் பின்தங்கியவரே எனக்கு வேண்டியவர். ஆகவே முன்னோக்கியவற்றையும் மற்றவற்றையும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சேர்ந்த பாஸ் எப்படிச் சேர்ந்தது என்பதைப் பாருங்கள். எதிராளி இடப்புறம் நெருக்கி நிற்கும்போது வலக்காலுக்கு வந்த பந்தும் இடக்காலுக்கு வந்த பந்தும் எண்ணிக்கையில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதலாவது வாங்குபவரைத் திரும்ப விடுகிறது, இரண்டாவது அவரைச் சிக்க வைக்கிறது. ஓடுபவருக்குக் கொடுக்கும் பாஸில் சிறு கணக்கு ஒன்றும் உண்டு. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உருளும் பந்து 20 மீட்டரைக் கடக்க 2 வினாடி எடுக்கும். வினாடிக்கு 6 மீட்டர் ஓடும் விங்கர், அதாவது பக்கவாட்டில் முன்னேறி ஆடுபவர், அதற்குள் 12 மீட்டர் போயிருப்பார். அவர் இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைத்தால் பந்து அவர் முதுகுக்குப் பின்னால்தான் போகும். ஓட்டத்தைக் குறைக்காமல், திரும்பிப் பார்க்காமல், அடுத்த அடியிலேயே பந்தைத் தொட முடிந்ததா என்பதே என் அளவுகோல். முடிந்திருந்தால் அந்த பாஸுக்கு நட்சத்திரம் ஒன்று போடுகிறேன். சேர்ந்தும் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் வெறும் கோடுதான்.

ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கும் பிழை) ஊதப்படும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சக ஆட்டக்காரர் பந்தைத் தொடும் கணத்தில் வாங்குபவர் எங்கே இருந்தார் என்பதை வைத்தே ஆஃப்சைடு தீர்மானிக்கப்படுகிறது. கொடுப்பவர் அரை வினாடி தாமதித்தால், அதே 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 3 மீட்டர் முன்னே போய்விடுவார். கோட்டருகே நிற்பவர்கள் எல்லாரும் முன்னே ஓடிப் பந்து வாங்கிய ஃபார்வேர்டைத்தான் திட்டுவார்கள். பிழை பெரும்பாலும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசித்தவருடையது. எனவே ஆஃப்சைடு ஆன ஒவ்வொரு பாஸையும் கொடுத்தவர் பக்கமும் எழுதி, தாமதம் இருந்ததா என்று குறியுங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலும் ஆஃப்சைடு விதி இல்லாததால், அங்கே பழகிய பிள்ளைகளிடம் இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாமல் ஊறிப்போயிருக்கும். பதினொருவர் ஆட்டத்தில் பார்த்த பின்னரே முடிவு சொல்ல வேண்டும்.

இனி வாங்குபவர்களுக்கு வருகிறேன். ஆள் தேர்வில் மிகுதியும் தவறு நடப்பது இங்கேதான். ஒருமுறை, பாஸ் எல்லாம் வீணாகிறது என்று சொல்லி ஓர் இளைஞரை நாங்கள் விலக்கிவிட்டோம். பிறகு யாரோ கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியைப் போட்டுப் பார்த்தபோது, அவர் பந்தோடு தலைநிமிர்ந்த ஒவ்வொரு முறையும் சக ஆட்டக்காரர்கள் எதிராளியின் முதுகுக்குப் பின்னே மறைந்து நிற்பது தெரிந்தது. கொடுக்க வழியில்லாத இடத்தில் கொடுத்த பாஸுக்கு அவரைக் குற்றவாளி ஆக்கியிருந்தோம். அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்துதான் வீணான ஒவ்வொரு பாஸின் பக்கத்திலும் ‘கொ’ அல்லது ‘வா’ என்று எழுதத் தொடங்கினேன். கொடுத்தவர் பிழையா, வாங்கியவர் பிழையா என்பதே அதன் பொருள். யாருடையது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது இரண்டையும் எழுதுவேன்.

வாங்குபவரிடம் பார்க்க வேண்டியவை பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. பந்து இன்னொருவர் காலில் இருக்கும்போதே அவர் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கிறாரா, இரண்டடி நகர்ந்து பந்து வரும் பாதையைத் திறந்து விடுகிறாரா, உடலைப் பாதி திருப்பி முன்னே போகத் தயாராக நிற்கிறாரா என்று கவனியுங்கள். பிறகுதான் முதல் தொடுகை. காலில் பட்டு மூன்றடி தள்ளித் தெறித்த பந்தை எதிராளி எடுத்துக்கொண்டால், அந்த இழப்பைக் கொடுத்தவர் கணக்கில் சேர்க்கலாகாது. பந்து வைத்திருப்பவருக்கு இடமும் வலமும் முன்னுமாக மூன்று வழிகள் திறந்திருந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வழி மட்டுமே இருந்த நேரத்தில் கொடுத்த பாஸையும் மூன்று வழி இருந்தபோது கொடுத்ததையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பந்தைக் கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் துல்லியத்தைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். ஆனால் சக வீரர் கைக்கு நேராக வந்த பந்தை நழுவவிட்டாலும், எறிபவரே வேண்டுமென்று வெளியே எறிந்துவிட்டாலும், இரண்டும் நிறைவேறாத பாஸாகவே பதிவாகின்றன. 2018ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ட்ரூ பிரீஸ் 74.4 சதவீதம் எட்டினார். அதே பருவத்தில் அந்த அணியின் மைக்கேல் தாமஸ், தன்னை நோக்கி எறியப்பட்ட 147 பந்துகளில் 125ஐப் பிடித்தார். எறிந்தவரின் பெருமையில் பிடித்தவரின் பங்கு எவ்வளவு என்பது இந்த இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் புலப்படும். விளையாட்டு வேறானாலும் நம் நோட்டுப் புத்தகத்துக்கும் இது பொருந்தும்.

நம் மாவட்டத்தில் மண்ணையும் காற்றையும் கணக்கில் எடுக்காத மதிப்பீடு எதற்கும் உதவாது. கடற்கரை மணலில் தரையோடு உருட்டிய பந்து பத்து மீட்டர் போவதற்குள் செத்துவிடும். அதனால் மணலில் வளர்ந்த பிள்ளைகள் பந்தைக் கிளப்பிக் கொடுக்கப் பழகியிருப்பார்கள். அது அவர்களின் குறையாகாது. ஆனால் புல்தரையில் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர்களின் பாஸ் தேவைக்கு மேல் வேகமாகவோ உயரமாகவோ போகும் என்பதை எதிர்பார்த்துப் பொறுமை காட்ட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்தில் எவ்வளவு வலுவானது என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் நீண்ட பாஸை முதல் பாதியில் ஒரு கணக்காகவும் இரண்டாம் பாதியில் வேறு கணக்காகவும் எழுதுங்கள். எதிர்காற்றில் பந்தைத் தாழ்த்தி, பின்காற்றில் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது மூன்று ஆட்டங்கள் பாருங்கள், அதில் ஒன்றாவது பலமான அணிக்கு எதிரானதாக இருக்கட்டும். இருவர் சேர்ந்து பார்ப்பது நல்லது: ஒருவர் பந்து வைத்திருப்பவரை மட்டும், மற்றவர் பந்தில்லாதவர்களை மட்டும் கவனிக்க வேண்டும். பந்தையே பின்தொடரும் கண்ணுக்கு இரண்டாவது வேலை கடினம் என்பதால், அதை அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

ஆட்டம் முடிந்த அன்றே அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, வீணான பாஸ் ஒன்றை நினைவூட்டி, “தம்பி, பந்து உன் காலுக்கு வந்தப்போ நம்ம ஆளுங்க யார் யார் எங்கே நின்னாங்க?” என்று கேளுங்கள். மூன்று பேர் நின்ற இடத்தைத் தயங்காமல் சொல்பவரானால், சதவீதம் குறைவாக இருந்தாலும் நான் அவரை அடுத்த முகாமுக்கு அழைப்பேன்.