பன்னிரண்டாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைக்கு: கவர்ன்மெண்ட் வகுப்பும் கோடை வீட்டுப்பாடமும்

ஜூலையில் டல்லாஸ் பக்கம் வந்து இறங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் பதினொன்றாம் வகுப்பை முடித்த பிள்ளையோடு வருகிறீர்கள் என்றால் அவசியம் படியுங்கள்.

பள்ளியில் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பாஸ்போர்ட், ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல்கள், தடுப்பூசி அட்டை. மூளைச்சவ்வு அழற்சிக்கு எதிரான மெனிங்கோகாக்கல் தடுப்பூசி ஊரில் பலரும் போட்டிருக்க மாட்டார்கள், இங்கே கேட்பார்கள், வந்ததும் போட்டுவிடுங்கள். பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும்.

டெக்சஸில் ஹைஸ்கூல் முடிக்க அரை ஆண்டு கவர்ன்மெண்ட் பாடம், அதாவது அமெரிக்க அரசமைப்பு பற்றிய பாடம், கட்டாயம். நம்மவர்கள் பெரும்பாலும் அதை ஏபி (ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும்) வகுப்பாகத்தான் எடுக்க வைக்கிறார்கள். அதற்குப் பல பள்ளிகளில் கோடை வீட்டுப்பாடம் உண்டு. மே மாதமே கொடுத்து முடித்திருப்பார்கள். ஜூலையில் சேரும் பிள்ளையைக் கூப்பிட்டு யாரும் சொல்லமாட்டார்கள். சேர்க்கிற அன்றே பள்ளி கவுன்சிலரிடம் கேட்டு வாங்குங்கள்.

வேலை என்னவென்றால், 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தைப் படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. 7 பிரிவுகள், 27 திருத்தங்கள், அவ்வளவுதான். நம் சாசனத்தின் தடிமனைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மாலை நேரத்து வாசிப்பு. அதோடு அந்தச் சாசனத்தை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 10, 51, சாசனத்தை எதிர்த்து 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் வந்த முதல் கட்டுரை, மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் என்று சிலவற்றைக் கொடுப்பார்கள். ஏபி பாடத்திட்டத்தின் 9 கட்டாய ஆவணங்களில் இவையும் அடங்கும். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் யார், மாநிலத்தின் 2 செனட்டர்கள் யார் என்றும் கேட்பார்கள்.

இனி எழுதுவதுதான் முக்கியம். என் நண்பர் ஒருவர் கோவையிலிருந்து வந்தார். அவர் மகனுக்கு இந்த வீட்டுப்பாடம் தெரியவந்தபோது பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். "நம்ம பையன் போன வருஷம் செஞ்சது இருக்கு, அனுப்புறேன் சார்" என்று ஒருவர் உடனே கோப்பை அனுப்பிவைத்தார். உதவும் மனசுதான். பையனும் ராத்திரி உட்கார்ந்து, அங்கங்கே இரண்டு வார்த்தை மாற்றி, அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தான்.

இரண்டாவது வாரம் கடிதம் வந்தது. மதிப்பெண் பூஜ்யம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், கவுன்சிலரைப் பார்க்க வேண்டும். பள்ளிகள் டர்னிட்டின் என்ற மென்பொருளில் விடைத்தாள்களை ஏற்றுகின்றன. அது இணையத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, முந்தைய மாணவர்கள் கொடுத்து அதில் சேமிக்கப்பட்ட தாள்களோடும் ஒப்பிடுகிறது. நண்பரிடம் காட்டிய பக்கத்தில் பத்திக்குப் பத்தி வண்ணம் பூசியிருந்தது.

எனக்குக் கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. "புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதியிருக்கான்" என்று நம் ஆசிரியர்கள் பாராட்டி வளர்த்த பிள்ளை அவன். நோட்ஸ் வாங்கி எழுதுவதை யாரும் அவனுக்குத் திருட்டு என்று சொன்னதில்லை. இங்கே அது திருட்டு. கொடுத்தவர் மேலும் நடவடிக்கை எடுக்கும் பள்ளிகள் உண்டு. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு பதிவு ஏறினால் என்ன ஆகும் என்று நண்பரின் மனைவி பல ராத்திரி தூங்கவில்லை.

ஆகவே யார் கோப்பு அனுப்பினாலும் நன்றி சொல்லிவிட்டுத் திறக்காமல் அழியுங்கள். நீங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள். சாட்ஜிபிடி எழுதித் தந்ததைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

பிள்ளை ஒரு கட்டுரையைப் படித்துமுடித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதட்டும். வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் எந்தக் கட்டுரை என்பதும் வேண்டும். நண்பரின் மகன் ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரைக்கான பதிலை மறுபடி எழுதினான். பெரிய குடியரசில் பல குழுக்கள் இருப்பதால் ஒரே குழு மற்றவர்களை அமுக்க முடியாது என்கிறார் அந்தக் கட்டுரையை எழுதிய மாடிசன். அவன் அதற்கு உதாரணமாக எடுத்தது இந்தியாவை: இத்தனை மொழி, இத்தனை சாதி, இத்தனை கட்சி, அதனால் தில்லியில் கூட்டணி ஆட்சிகள். நம் பிள்ளைகளுக்குக் கைவசம் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்! தாமதத்துக்காகப் பாதி மதிப்பெண்தான் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தாளைப் படிக்கப் பெருமையாக இருந்தது.

நேரம் போதாவிட்டால் ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தேதியில்தான் நாட்டுக்கு வந்தேன், இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்று. பெரும்பாலும் கொடுப்பார்கள். அதை அப்பா எழுதக் கூடாது, பிள்ளையே தன் பள்ளிக் கணக்கிலிருந்து எழுத வேண்டும். சுமை அதிகம் என்று தோன்றினால் சாதாரண கவர்ன்மெண்ட் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கடைசித் தேதி ஒன்று இருக்கும், முதல் நாளே கவுன்சிலரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.