வங்கி ஊழியரின் கையாடல்: சூழ்நிலைச் சான்று வழக்குகள் சறுக்கும் இடங்கள்

அடகு நகைப் பொதி பெட்டகத்தில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் எட்டுப் பவுண் தாலிக்கொடிக்குப் பதிலாகப் போலிச் சங்கிலி. மாற்றியதை எவரும் காணவில்லை. கண்ட சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் இப்படியான வழக்குத் தோற்பதில்லை. கண்ட சாட்சிக்குப் பதிலாக இருக்கும் பதிவேடு, பற்றுச்சீட்டு போன்ற சூழ்நிலைச் சான்றைக் கோக்கத் தெரியாததால் தோற்கிறது. குற்றத்தைக் காட்டும் சூழ்நிலைகளுக்கு நியாயமான வேறு விளக்கம் எதுவும் இருக்கக் கூடாது என்று 1945 இல் இலங்கையின் அப்புகாமி வழக்கில் சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களுக்கும் அதுவே அளவுகோல்.

குறை கண்டதும் ஒருவரைக் கைகாட்டிவிடுவது முதல் தவறு. தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவின்படி, பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதையும் அதை அவர் நேர்மையற்ற முறையில் தனதாக்கினார் அல்லது பயன்படுத்தினார் என்பதையும் காட்ட வேண்டும். பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் என்றால் இரண்டு சந்தேகங்கள். ஆகவே சாவிப் பதிவேடு, கடமை கையளித்த குறிப்பு, பொதியின் முத்திரை, நகையை ஏற்ற நாளில் எழுதிய நிறை, கடைசியாகப் பொதியைப் பிரித்துச் சரிபார்த்த திகதி ஆகியவற்றை முதலில் கைப்பற்றுங்கள். நகை மாறிய காலம் சுருங்கச் சுருங்க, சந்தேகிக்கப்படுபவர்களின் தொகையும் சுருங்கும்.

கணினிப் பதிவில் அவருடைய பெயர் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. ஆட்கள் குறைந்த கிளைகளில் ஒருவரின் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால், அந்தப் பதிவு கணக்கைக் காட்டுமே தவிர கையைக் காட்டாது. வரவுப் பதிவேடு, பற்றுச்சீட்டுக் கையெழுத்து, அன்றைய காசுக் கணக்கு, கண்காணிப்புக் கமராப் பதிவு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் வந்து சேர வேண்டும். அவர் விடுமுறையில் நின்ற நாட்களைக் கட்டாயம் பாருங்கள். அந்நாட்களில் போலிப் பதிவுகள் நின்றிருந்தால் அது வலுவான சான்று. நிற்காமல் தொடர்ந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். உண்மையான ஆள் வேறொருவராக இருக்கக்கூடும். குற்றமற்ற ஓர் ஊழியரின் வாழ்க்கை அந்த ஒரு விடுமுறைப் பதிவுத் தாளில் தங்கியிருக்கிறது.

முகாமையாளரின் அறையில் இருத்தி, “காசைக் கட்டினால் பொலிசுக்குப் போகமாட்டோம்” என்று சொல்லி எழுதி வாங்கும் கடிதத்தைப் பலர் வெற்றியாக நினைக்கிறார்கள். அதிகாரத்தில் உள்ளவர் ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ பெற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவில் அடிபட்டுப்போகலாம். பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை 25 ஆம் பிரிவு விலக்குகிறது. கடிதம் கிடைத்ததென்று ஆவணம் தேடுவதை நிறுத்திய வங்கிக்கு அதன்பின் எதுவும் மிஞ்சாது.

“திடீரென்று மாடிவீடு கட்டினான்” என்பதும் எங்கள் ஊரில் பலவீனமான வாதம். கனடாவிலோ சுவிசிலோ ஒரு சகோதரம் இருந்தால் நியாயமான விளக்கம் தயாராக இருக்கும். வீட்டுக்குச் செலவழித்த காசு எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில் வந்தது என்று பின்தொடர முடிந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு மட்டும் விசேடமாகத் தெரிந்த விடயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிற, அதே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவை நம்பி, “விளக்கம் அவரே சொல்லட்டும்” என்று இருப்பதும் ஆபத்து. வழக்குத் தொடுநர் தன் சுமையை இறக்கிய பின்பே எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) மௌனத்துக்குப் பெறுமதி உண்டு. கணக்கேட்டுப் பதிவு மட்டும் ஒருவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது என்று அந்தச் சட்டத்தின் 34 ஆம் பிரிவும் சொல்கிறது. கணக்காய்வு அறிக்கையைக் கொடுத்தால் போதாது, அதை எழுதியவர் சாட்சிக்கூண்டில் ஏறி விளக்க வேண்டும்.

கமராப் பதிவு நாளடைவில் தானாக அழிந்துவிடும். முறைப்பாடு செய்யும் அன்றே அதைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் பரிசோதனைக்கு மூலப்பிரதியே தேவை. பணம் இழந்த வாடிக்கையாளர்கள் சேமிப்புப் புத்தகத்தையோ அடகுச் சீட்டையோ விசாரணைக்கென்று கொடுக்கும் முன் பிரதி எடுத்துவையுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.