தண்ணீரில் நின்ற பழைய தேக்கு மேசை: விலை போடும்போது செய்யக் கூடாதவை

வெள்ளம் வடிந்த கையோடு வரும் பழைய மரச்சாமான் வியாபாரி, "மரக்காசுதான் சார் தேறும்" என்பார்; அதாவது வெறும் மரத்துக்கான விலை. மேசையும் அதற்கேற்ற கோலத்தில்தான் நிற்கும்: பலகை குழிந்து, பாலிஷ் வெளுத்து, கால் ஆடிக்கொண்டு. இந்த மூன்றுமே பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஈரத்தோடு விலை பேசுவதுதான் முதல் தவறு.

பழைய சாப்பாட்டு மேசைகள் பலவற்றில் மேல்பக்கம் மட்டும் பாலிஷ் ஏறியிருக்கும். அடிப்பக்கம் வெறும் மரம். அடி ஈரம் குடித்து உப்பும்போது பலகையின் ஓரங்கள் மேலே தூக்கும். அந்த நிலையில் இழைப்புளி போட்டுச் சமன் செய்தால், காய்ந்ததும் அடிப்பக்கம் சுருங்கிப் பலகை எதிர்ப்புறமாக வளையும். இழைத்த மரமோ திரும்ப வராது. வெயிலில் போட்டால் வெடிப்பு நிச்சயம். நிழலில், செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியிலும் மேலேயும் காற்றுப் பட விடுங்கள். மின்விசிறியை நேராகத் திருப்ப வேண்டாம். வாரம் ஒருமுறை பலகையின் நடு, ஓரம், காலின் அடி என அதே மூன்று இடங்களில் ஈரமானியால் (மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் கருவி) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நனையாத தேக்குப் பொருள் காட்டும் அளவுதான் இலக்கு. சென்னை போன்ற கடலோர ஊரில் அது ஏறத்தாழ 12 முதல் 15 சதவீதம். அளவு அங்கே வந்து இரண்டு வாரம் அசையாமல் நிற்கட்டும். மாதக்கணக்கில் ஆகலாம்.

கறையைப் பார்த்துப் பயப்படுவதிலும் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வெள்ளைத் திட்டு என்பது அரக்கு பாலிஷ் படலத்துக்குள் சிக்கிய ஈரம். ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் லேசாக ஒரு வீச்சு வீசினால் அநேகமாகப் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் பாலிஷே கரைந்து வரும். கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியது. ஆணி, திருகின் இரும்பும் மரத்தில் இயல்பாக இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாவது. அதை எடுக்க அங்கே பாலிஷை நீக்கி ஆக்ஸாலிக் அமிலம் போட வேண்டும் (நச்சு, கையுறை கட்டாயம்). பல ஆண்டு நிறமும் கூடவே போகும். விலையை நிஜமாகக் குறைப்பது இதுதான்.

ஆடும் கால் அவ்வளவு பெரிய குறை அல்ல. இணைப்பில் இருக்கும் பழைய வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) தண்ணீரில் இளகும், அவ்வளவே. பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்டலாம். அவசரத்தில் எபாக்சி என்ற கெட்டி ரசாயனப் பசையை ஊற்றி இறுக்கினால் அடுத்த முறை பிரிக்கும்போது மரமும் பிய்ந்து வரும். பார்க்க வேண்டியது காலின் கடைசி 4 அங்குலம். குத்தூசி சிரமமில்லாமல் ¼ அங்குலம் இறங்கினால் மரம் இற்றுப்போய்விட்டது. தேக்கின் வைரப் பகுதி (கறுத்த உள்மரம்) தாங்கும்; வெளிறிய வெள்ளைப் பகுதி தாங்காது.

"பழுது செலவைக் கழித்தால் போதும்" என்ற கணக்கும் தப்பு. ஓர் உதாரணம்: நனையும் முன் 80,000 ரூபாய் பெறும் மேசை, பழுது பார்த்தபின் 60,000க்குத்தான் போகும், செலவு 15,000 என்றால், இன்றைய மதிப்பு 45,000. நஷ்டம் 15,000 அல்ல, 35,000. இந்த எண்களுக்கு இணையத்தில் கேட்கப்படும் விலையை ஆதாரமாக எடுக்காதீர்கள். விற்று முடிந்த விலையை விசாரியுங்கள்.

மரக்காசு என்பது வெறும் அடிமட்ட விலை. 6 அடிக்கு 3½ அடி, 1¼ அங்குலக் கனப் பலகையில் சுமார் 2.2 கனஅடி இருக்கும். 3 அங்குலச் சதுரத்தில் 29 அங்குல உயரக் கால்கள் நான்கும் 0.6 கனஅடி. இதைக் கனஅடி விலையால் பெருக்கினால் மரக்காசு. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் (பழைய பர்மா) உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியதால் பழைய பர்மா தேக்குக்கு இந்த அடிமட்டமே குறைவல்ல. அதற்குக் கீழே யாராவது கேட்டால் பேச்சை வளர்க்க வேண்டாம். முதலில் அது முழு மரம்தானா என்று பாருங்கள்: மேலே ஓடும் ரேகை வெட்டு ஓரத்திலும் தொடர வேண்டும். மேலே ஒட்டிய வினீர் (மெல்லிய மரத்தகடு) என்றால் கனஅடிக் கணக்கே செல்லாது, உப்புத்தாள் மெஷின் பட்டாலே ஓட்டை விழும்.

காப்பீடு இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்து பார்க்கும்வரை உப்புத்தாளும் வேண்டாம், பியு (பாலியூரிதேன்) பாலிஷும் வேண்டாம். படம் எடுக்கும்போது அடிப்பக்கம், தண்ணீர்க் கோடு, துருப்பிடித்த திருகுகள் மூன்றும் அளவுநாடாவோடு பதிவாகட்டும். நாற்காலிகளைத் தனியே விற்றுவிடாதீர்கள். மேசையோடு ஆறு நாற்காலியும் சேர்ந்த செட்டுக்குக் கிடைக்கும் விலை, உதிரியாகக் கூட்டினால் வராது.