காபி இலைக்குள்ள இருக்கிற பாக்டீரியா காஃபீன தாங்குதான்னு பாக்கறது எப்படி

காபி செடி தன்னைக் காப்பாத்திக்க இலையிலயே காஃபீன் வெச்சிருக்கு, ஆனா அதே இலைக்குள்ள செடிக்கு ஒரு நோயும் தராம குடித்தனம் நடத்துற பாக்டீரியாவும் இருக்கு, எண்டோஃபைட்னு சொல்வாங்க. இதுங்க காஃபீன எப்படி சமாளிக்குதுன்னு சாதாரண காலேஜ் லேப்லயே பாத்துடலாம்.

ஏற்காட்டுல எஸ்டேட்காரங்ககிட்ட கேட்டுட்டு இலை பறிங்க, கொழுந்து தனி முத்தின இலை தனி, ஏன்னா கொழுந்துலதான் காஃபீன் ஜாஸ்தி. காம்போட பறிச்சு ஜிப் கவர்ல போட்டு ஐஸ் பாக்ஸ்ல வெச்சுக்கங்க, இல்லன்னா 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் வெயிலுக்கு வர்றதுக்குள்ள வாடிரும். அன்னிக்கே வேலைய ஆரம்பிச்சிடுங்க.

குழாத்தண்ணில நல்லா கழுவி, 70% எத்தனால்ல 1 நிமிஷம், 2% சோடியம் ஹைப்போகுளோரைட்ல 3 நிமிஷம் (கொழுந்துக்கு இன்னும் கொறைங்க, உள்ள இருக்கறதும் செத்துரும்), அப்புறம் ஸ்டெரைல் தண்ணில 4 தடவ அலசணும். கடைசியா அலசின தண்ணிய ஒரு ப்ளேட்ல போட்டு வைங்க, அதுல எதாச்சும் வளந்தா நீங்க புடிச்சது உள்ள இருந்ததான்னு சொல்லவே முடியாது. நான் மொத தடவ இத விட்டுட்டு ரெண்டு மாச வேலைய குப்பைல போட்டேன்.

இலைய 0.85% உப்புத் தண்ணில அரைச்சு, பத்து பத்து மடங்கா டைல்யூட் பண்ணி, நியூட்ரியண்ட் அகார்ல (பாக்டீரியா வளர சத்து கலந்த ஜெல்லி) போட்டு 28 டிகிரில ஒரு வாரம் வரைக்கும் பாருங்க, சிலது ரொம்ப மெதுவா வரும். வந்த காலனிய தனித்தனியா சுத்தம் பண்ணி எடுத்துக்கங்க.

இப்ப காஃபீன் ப்ளேட். சூடான அகார்ல நல்லா கரையும், மில்லிக்கு 0, 1, 2.5, 5, 10 மில்லிகிராம்னு ஊத்துங்க. வெறும் டிகாஷன் ஊத்தினா பத்தாதான்னு கேக்காதீங்க, அதுல குளோரோஜெனிக் ஆசிட் இன்னும் என்னென்னமோ இருக்கு, எது வேலை செஞ்சுதுன்னு எப்படி சொல்வீங்க? எல்லா கல்ச்சரையும் ஒரே கலங்கல் அளவுக்கு கொண்டுவந்து 5 மைக்ரோலிட்டர் சொட்டு வைங்க, பக்கத்துல அதே இலையோட மேல்பரப்புல இருந்து எடுத்த பாக்டீரியாவும் லேப் ஈ.கோலையும் கண்டிப்பா வைங்க, ஒப்பிட ஆள் இல்லாம எண்டோஃபைட் தாங்குச்சுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

வளரலன்னா செத்துருச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த சொட்ட சுரண்டி காஃபீன் இல்லாத ப்ளேட்ல தேய்ங்க, வந்துச்சுன்னா சும்மா முடங்கிக் கெடந்திருக்கு.

தாங்கினதுலயும் ரெண்டு வகை வரலாம், ஒண்ணு உள்ள வந்தத எஃப்லக்ஸ் பம்ப் வெச்சு வெளிய தள்ளும், இன்னொண்ணு தின்னே தீத்துரும், சூடோமோனாஸ் புடிடால சில ரகம் காஃபீன்ல ஒட்டியிருக்கிற மெத்தில் குரூப்ப ஒவ்வொண்ணா கழட்டி, ஒண்ணுமே ஒட்டாத சாந்தீன்ங்கற பொருள் வரைக்கும் கொண்டுபோகும். தின்னுதான்னு பாக்க, காஃபீன் மட்டுமே கார்பனா இருக்கிற மினிமல் மீடியத்துல (உப்புங்க தவிர வேற சாப்பாடு இல்லாத மீடியம்) விடுங்க, காஃபீனும் இல்லாத ப்ளேட் ஒண்ணும் வைங்க, அகார் அழுக்குலயே கொஞ்சம் வளர்றது இருக்கு.

பழகிக்குதான்னு தெரியணும்னா ராத்திரி பூரா கம்மி டோஸ்ல வளத்துட்டு காலைல பெரிய டோஸ் குடுங்க. முன்ன விட சீக்கிரம் வளந்தா, திரும்ப காஃபீன் இல்லாம சில தடவ வளத்து மறுபடி அதே டோஸ்ல விடுங்க. அப்பவும் தாங்குச்சுன்னா அது மியூட்டேஷனா இருக்க வாய்ப்பு அதிகம், தாங்கலன்னா காஃபீன் இருக்கும்போது மட்டும் ஜீன ஆன் பண்ணிட்டு இருந்திருக்கு.