ஒரு நூல், ஒரு கட்டத்தாள்

சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளைகள் குறைவு. சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதைவிட இதைச் செய்து பாருங்கள். முடிச்சுப் போட்டபின் சுற்றளவு 24 செ.மீ. வரும்படி ஒரு நூல் வளையம். அதை 1 செ.மீ. கட்டத்தாளில் விதவிதமான செவ்வகங்களாக வைத்து, உள்ளே அடங்கும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். 11-க்கு 1 என்றால் 11 கட்டம்தான். 8-க்கு 4 என்றால் 32. 6-க்கு 6 சதுரமானால் 36. "நூல் அதேதானே, கட்டம் மட்டும் எப்படிக் கூடுது?" என்று பிள்ளையே கேட்கும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள் (நமக்குத்தான் வாய் சும்மா இருக்காது). அப்புறம், வேலி போட எந்த அளவு வேண்டும், தரைக்கு ஓடு பதிக்க எது வேண்டும் என்று கேளுங்கள். நூல் நழுவினால், தாளுக்கு அடியில் தடித்த அட்டை வைத்து மூலைகளில் குண்டூசி குத்திக்கொள்ளலாம்.